கருப்பை அறுவைக்கு ஸ்பைனல்: ஹெவி புபிவாகெய்னா, ரோபிவாகெய்னா, லெவோபுபிவாகெய்னா?

மயக்கவியல் மாணவி

எல்லாருக்கும் வணக்கம். மயக்கவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயிற்றைத் திறந்து செய்யும் கருப்பை நீக்கத்தில் ஸ்பைனலுக்கு (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீருக்குள் மரப்பு மருந்து செலுத்துவது) மூன்று மருந்துகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதலாம் என்று இருக்கிறேன். என் திட்டம் இது: ஒரு குழுவுக்கு 0.5% ஹெவி புபிவாகெய்ன் 3 மி.லி., இன்னொன்றுக்கு 0.5% பிளெயின் லெவோபுபிவாகெய்ன் 3 மி.லி., மூன்றாவதுக்கு 0.5% பிளெயின் ரோபிவாகெய்ன் 3 மி.லி. மூன்றிலும் 15 மி.கி. வருகிறது.

மரப்பு எவ்வளவு உயரம் ஏறுகிறது, எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது, கால் அசைவு எப்போது திரும்புகிறது, இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, முதல் வலி மருந்து எப்போது தேவைப்படுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளப் போகிறேன். ரோபிவாகெய்ன் இதயத்துக்குப் பாதுகாப்பானது, காலும் சீக்கிரம் திரும்பும் என்று படித்தேன். அப்படியானால் அதையே எல்லாருக்கும் போடலாமே, ஏன் இன்னும் ஹெவி புபிவாகெய்னே அதிகம் ஓடுகிறது? நீங்கள் எதைப் போடுகிறீர்கள், ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூத்த மயக்கவியலர்

நல்ல தலைப்பு அம்மா. ஆனால் இந்தத் திட்டத்தோடு தொடங்கினால் மூன்று மருந்துகளை ஒப்பிட்டதாக ஆகாது. இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, அடர்த்தி. ஹெவி புபிவாகெய்னில் மி.லி.க்கு 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. தண்டுவட நீரைவிடக் கனமானது, அதனால் பள்ளத்தைத் தேடி ஓடும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தால் முதுகெலும்பின் வளைவில் மேடு எல் 3 (இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்பு) அருகே, பள்ளம் டி 5, டி 6 (மார்புப் பகுதி முள்ளெலும்புகள்) அருகே. எல் 3-4 இடைவெளியில் போட்ட ஹெவி மருந்தில் ஒரு பகுதி மேட்டிலிருந்து வழிந்து அந்தப் பள்ளத்தில் தேங்கும், மறுபகுதி கீழே சாக்ரல் (முதுகெலும்பின் அடிப்பகுதி, எஸ்) நரம்புகளுக்குப் போகும். நமக்கு டி 4 முதல் டி 6 வரை உயரம் நம்பிக்கையாகக் கிடைப்பது இதனால்தான். டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத பிளெயின் மருந்துகளுக்கு இந்த ஓட்டம் கிடையாது. பிளெயின் லெவோ தண்டுவட நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கம். பிளெயின் ரோபி உடல் வெப்பத்தில் கொஞ்சம் இலேசாகவே ஆகிவிடும். இவை போட்ட இடத்தைச் சுற்றியே பரவும். ஒருவருக்கு டி 6 வரை போகும், அடுத்தவருக்குக் கீழே டி 11-இலேயே நின்றுவிடும்.

ஆகவே உங்கள் ஆய்வில் லெவோ குழுவில் இரத்த அழுத்தம் குறைவாக இறங்கியது என்று முடிவு வந்தால், அது லெவோவின் குணமா, டெக்ஸ்ட்ரோஸ் இல்லாததன் விளைவா என்று உங்களால் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தோடு வெளிவந்த கட்டுரைகள் நிறைய. அடுத்த முறை ஒரு ஒப்பீட்டைப் படிக்கும்போது முடிவுரைக்குப் போகுமுன் எது ஹெவி, எது பிளெயின் என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, வீரியம். ஸ்பைனலில் ரோபியின் வீரியம் புபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 15 மி.கி. புபிக்கு நிகராக ரோபி 22, 23 மி.கி. வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் 15 கொடுத்துவிட்டு ரோபியில் கால் சீக்கிரம் திரும்பியது என்று எழுதினால், குறைந்த மருந்து கொடுத்தால் சீக்கிரம் விடும் என்பதைத்தான் எழுதியிருப்பீர்கள். புபியையே 10 மி.கி. போட்டிருந்தாலும் கால் சீக்கிரம் திரும்பியிருக்கும். லெவோ புபிக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் நெருக்கம், நடைமுறையில் மி.கி.க்கு மி.கி. மாற்றிப் போடுகிறோம்.

மகளிர் அறுவை மருத்துவர்

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எனக்கு மருந்தின் பெயர் முக்கியமில்லை. வயிற்றைத் திறந்தபின் குடலை மேலே ஒதுக்கி பேக் வைக்கும்போது அவர் நெளியக்கூடாது. கருப்பையை மேலே இழுக்கும்போது வாந்தி எடுக்கக்கூடாது. ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆனவருக்குச் சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்கவே அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். இரண்டரை மணி நேரம் தாங்குமா என்பதுதான் என் கேள்வி. தோல் தைக்கும்போது வயிறு இறுகத் தொடங்கினால் அந்த மருந்தின் கால் சீக்கிரம் திரும்பும் குணம் எனக்கும் நோயாளிக்கும் எந்தப் பயனும் தராது.

வஜைனல் ஹிஸ்டெரெக்டமியில் (பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையை நீக்குவது) கணக்கு வேறு. கீழிருந்து செய்கிறோம், டி 10 போதும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் சூலகத்தைப் பிடித்துக் கீழே இழுக்கும்போதும், பெரிட்டோனியத்தைத் திறக்கும்போதும் டி 10 போதாது. டி 6, டி 8 இருந்தால் எனக்கு நிம்மதி.

மூத்த மயக்கவியலர்

> டி 10 போதும் என்று புத்தகத்தில் இருக்கும்

மேடம் சொல்வதை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கருப்பையின் உடற்பகுதியிலிருந்து வலி டி 10 முதல் எல் 1 வரையான நரம்புகள் வழியாக வருகிறது. கருப்பை வாய், பிறப்புறுப்பின் மேல்பகுதி, பெரினியம் எல்லாம் எஸ் 2 முதல் எஸ் 4 வரை. ஆக கருப்பை நீக்கத்துக்குக் கீழே சாக்ரலும் வேண்டும், மேலே தொராசிக்கும் வேண்டும். ஹெவி இரண்டு பக்கமும் ஓடுவதால் இந்த அறுவைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. மேல் வயிற்றுப் பெரிட்டோனியம் இழுபடும்போது வரும் குமட்டலில் ஒரு பங்கு வேகஸ் நரம்பு வழியாக வருவது. அதை எந்த ஸ்பைனலும் தடுக்காது. அங்கே ஃபென்டனில் (ஓபியாய்டு வலி மருந்து) 20, 25 மைக்ரோகிராம் சேர்ப்பது செய்யும் உதவி பெரிது. உள்ளுறுப்பு வலி மட்டுப்படும், கால் மரப்பு நீளாது, அழுத்தமும் கூடுதலாக இறங்காது. மருந்தை மாற்றுவதைவிட ஃபென்டனில் சேர்ப்பதால் கிடைக்கும் வித்தியாசம் அதிகம் என்பது என் கருத்து.

மயக்கவியல் மாணவி

நன்றி சார், மேடம். அடர்த்தி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. இதயப் பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள். எல்லாக் கட்டுரையிலும் அறிமுகப் பத்தியே அதுதான்.

மூத்த மயக்கவியலர்

அதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். புபிவாகெய்ன் இதயத்தை நிறுத்தும் என்ற எச்சரிக்கை 1979-இல் ஆல்பிரைட் எழுதிய தலையங்கத்திலிருந்து பெரிதாகப் பேசப்பட்டது. எபிடியூரலிலும் (தண்டுவட உறைக்கு வெளியே போடுவது) நரம்பு பிளாக்குகளிலும் அதிக அளவு மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போனபோது நடந்தவை அவை. 1984-இல் அமெரிக்காவில் பிரசவ எபிடியூரலுக்கு 0.75% புபியைப் பயன்படுத்தக்கூடாது என்று ஆனது. அதன் பிறகுதான் ஒற்றை ஐசோமராக (மூலக்கூறின் ஒரே வடிவம் மட்டும்) ரோபி 1996 வாக்கில் வந்தது, பின்னாலேயே லெவோவும் வந்தது.

ஸ்பைனலில் நாம் போடுவது மொத்தமே 15 மி.கி. அது முழுவதும் ஒரே நொடியில் இரத்தத்தில் கலந்தாலும் 50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.3 மி.கி. நாம் பொதுவாக வைக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 2 மி.கி. அருகே. ஆக ஸ்பைனல் ஒப்பீட்டில் இதயப் பாதுகாப்பு ஒரு காரணமே ஆகாது. ஸ்பைனலில் இதயம் நின்றால் அது பெரும்பாலும் சிம்பதெடிக் (இரத்தக் குழாய்களை இறுக்கிவைக்கும்) நரம்புகளின் தடையாலும், டி 1 முதல் டி 4 வரையான இதயத் துரித நரம்புகள் அடைபட்டதாலும், இரத்தம் இதயத்துக்குத் திரும்பாததாலும். மூன்று மருந்தும் இதைச் செய்யும். உயரம் சமமாக இருந்தால் அழுத்தம் இறங்குவதும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கணக்கு திரும்ப வருகிறது. அறுவை முடிந்ததும் வலிக்காக இரண்டு பக்கமும் டேப் பிளாக் (வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கவைப்பது) போடுவோம். பக்கத்துக்கு 20 மி.லி. வீதம் 0.375% ரோபி என்றால் 150 மி.கி. 50 கிலோ பெண்ணுக்கு அது சரியாகக் கிலோவுக்கு 3 மி.கி., வரம்பின் விளிம்பு. அங்கே ரோபியைத் தேர்ந்தெடுங்கள், நீர்த்துப் போடுங்கள், 20% லிப்பிட் எமல்ஷன் (மருந்து நச்சானால் கொடுப்பது) கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டே கேர் மயக்கவியலர்

இழை முழுக்கக் கருப்பை நீக்கத்தையே சுற்றுகிறது. மகளிர் அறுவையில் பாதி சின்ன அறுவைகள்: ஹிஸ்டெரோஸ்கோபி (கருப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பது), டி அண்டு சி (கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது), கருப்பை வாய் லூப் எடுப்பது, பார்த்தோலின் கட்டி (பிறப்புறுப்பு வாயிலில் வருவது). இருபது நிமிட வேலைக்கு ஹெவி புபி 12 மி.கி. போட்டுவிட்டு, அவர் நான்கு மணி நேரம் காலை அசைக்க முடியாமல், சிறுநீர் கழிக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்துத் தேர்வு உண்மையில் முடிவை மாற்றும் இடம் இதுதான்.

முன்பு இந்த இடத்தில் 5% ஹெவி லிக்னோகெய்ன் இருந்தது. அருமையான நேர அளவு. ஆனால் 1993-இல் டி.என்.எஸ். என்ற தற்காலிக நரம்பு அறிகுறி பதிவானது. ஸ்பைனல் முழுதாக விட்டபிறகு, ஒரு நாளுக்குள், பிட்டத்திலும் தொடையிலும் வலி தொடங்கும். சில நாட்களில் தானே போய்விடும், நரம்பில் நிரந்தரக் குறை இருக்காது. ஆனால் அந்த நாட்கள் அவருக்குக் கொடுமை. முக்கியமாக லித்தோட்டமி நிலையில் (மல்லாந்து கால்களைத் தூக்கிவைப்பது) இது கூடுகிறது. 1998-இல் வந்த பெரிய கணக்கெடுப்பில் லிக்னோகெய்ன் பெற்று, லித்தோட்டமியில் அறுவை செய்துகொண்டு, அன்றே வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வந்திருக்கிறது. மகளிர் அறுவையில் பாதி லித்தோட்டமிதான். அதனால் லிக்னோகெய்னை ஸ்பைனலுக்கு நான் எடுப்பதே இல்லை.

இப்போது நான் எடுப்பது பிரிசர்வேட்டிவ் இல்லாத 1% குளோரோபுரோகெய்ன், 40 முதல் 50 மி.கி. ஐந்து பத்து நிமிடத்தில் பிடிக்கும். அறுவைக்குப் பயன்படும் மரப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் முடியாது என்று தோன்றினால் 2% ஹெவி பிரிலோகெய்ன் 50 மி.கி. அளவில், அது ஒன்றரை மணி நேரம் தாங்கும். டி.என்.எஸ். இரண்டிலும் லிக்னோகெய்னை விட மிகவும் குறைவு.

குளோரோபுரோகெய்னுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. 1980-களில் எபிடியூரலுக்கான மருந்து தவறித் தண்டுவட நீருக்குள் போய்ச் சிலருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிட்டது. அப்போதைய தயாரிப்பில் சோடியம் பைசல்ஃபைட் இருந்தது, அமிலத்தன்மையும் அதிகம். இப்போது ஸ்பைனலுக்கென்று வருவதில் அது இல்லை. ஆனால் எபிடியூரலுக்கோ பிளாக்குக்கோ உள்ள பழைய வகைக் குப்பியைக் கையில் எடுத்துவிடக் கூடாது. லேபிளில் ஸ்பைனலுக்கு என்று எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள்.

பார்த்தோலின் கட்டிக்கு மட்டும் உட்காரவைத்து ஹெவி புபி 5 மி.கி. போட்டு ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருப்பேன், சேடில் பிளாக் (உட்காரும் பகுதி மட்டும் மரப்பது). டி அண்டு சி-க்கு அது உதவாது, கருப்பையின் உடற்பகுதிக்கு டி 10 வேண்டும்.

ரெகவரி வார்டு செவிலியர்

டாக்டர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். மருந்தின் குணம் முழுவதையும் பார்ப்பது நாங்கள்தான்.

ரோபி போட்டவர்கள் சீக்கிரம் முழங்காலை மடக்குகிறார்கள், உண்மை. ஆனால் வலி என்று சீக்கிரம் அழைப்பதும் அவர்களே. வயிறு திறந்து கருப்பை எடுத்தவருக்குக் கத்தீட்டர் எப்படியும் மறுநாள் வரை இருக்கிறது, அன்று மாலை நடக்கப் போவதில்லை. கால் ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பியதில் அவருக்கு என்ன லாபம் என்று ஆய்வில் கேளுங்கள் மா. சின்ன அறுவை செய்துகொண்டு அன்றே வீட்டுக்குப் போகிறவருக்கு அது பெரிய லாபம். சிறுநீர் எப்போது கழித்தார் என்பதையும் குறியுங்கள். பலர் அதை எழுதுவதில்லை.

ஸ்பைனலில் மார்ஃபின் சேர்த்திருந்தால் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அரிப்பு வரும், அதைச் சமாளிப்போம். மூச்சு மந்தமாவது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் 24 மணி நேரம் மூச்சு எண்ணிக்கையையும் மயக்க நிலையையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போகமாட்டேன். டிரனெக்ஸாமிக் அமில ஆம்பூலும் ஹெவி புபி ஆம்பூலும் சில தயாரிப்புகளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மகளிர் தியேட்டரில் இரத்தப்போக்குக்கு அதுவும் அதே மேசையில் இருக்கும். தவறி முதுகில் போனால் வலிப்பு வந்து உயிரே போகும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. இரண்டையும் ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள். உறிஞ்சும் முன் பெயரை இருவர் சத்தமாகப் படியுங்கள்.

மூத்த மயக்கவியலர்

சிஸ்டர் சொன்ன கடைசிப் பத்தியை ஒவ்வொரு தியேட்டரிலும் ஒட்டிவைக்க வேண்டும்.

தங்கை

நான் மருத்துவத் துறை இல்லை. என் அக்காவுக்குக் கட்டிகள் இருப்பதால் கருப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி என்று வீட்டில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். இந்த மருந்துகளில் எது முதுகுவலி தராதது?

டே கேர் மயக்கவியலர்

அக்காவிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் லேசான வலி இருக்கலாம். ஆயுள் முழுக்க முதுகுவலி ஸ்பைனலால் வருவதில்லை. மருந்து எதுவானாலும் இதுதான் பதில். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும். அது மருந்தால் அல்ல, ஊசித் துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால். இளம் பெண்களுக்கு அது கொஞ்சம் அதிகம், ஆனால் 25 அல்லது 27 கேஜ் பென்சில் முனை ஊசியில் மிகவும் குறைந்துவிட்டது. இரத்தம் நீர்க்கும் மாத்திரை, முதுகெலும்பில் பழைய அறுவை, இதய வால்வுக் கோளாறு ஏதாவது இருந்தால் அக்கா முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் சொல்லவேண்டும். எந்த மருந்து என்பதை அவர் நேரில் பார்த்து முடிவு செய்வார்.

தங்கை

மிக்க நன்றி டாக்டர். அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன்.

மயக்கவியல் மாணவி

எல்லாவற்றையும் படித்துத் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். மூன்று குழு வேண்டாம், இரண்டு போதும். 0.5% ஹெவி புபி 3 மி.லி., 0.75% ஹெவி ரோபி 3 மி.லி. அதாவது 15 மி.கி.க்கு எதிராக 22.5 மி.கி. இரண்டும் ஹெவி, கொள்ளளவு சமம், வீரியமும் ஏறக்குறைய சமம். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு ஃபென்டனில். அறுவையையும் வஜைனல் ஹிஸ்டெரெக்டமி என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன். லித்தோட்டமியில் கால் தூக்கும்போது உயரம் மாறுமா?

மூத்த மயக்கவியலர்

இது சரியான ஒப்பீடு. 0.75% ஹெவி ரோபி உங்களுக்குக் கிடைக்கிறதா, ஸ்பைனலுக்கு அனுமதி பெற்ற தயாரிப்பா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கிடைக்கவில்லை என்று தியேட்டரிலேயே பிளெயின் ரோபியில் டெக்ஸ்ட்ரோஸ் கலக்க வேண்டாம். கிருமி உள்ளே போகும், அடர்த்தியும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது.

லித்தோட்டமி பற்றி: கால் தூக்கும்போது இடுப்பு வளைவு தட்டையாகும், ஹெவி மருந்து இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். அதனால் எல்லாருக்கும் ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் கால் தூக்குகிறீர்கள் என்பதை ஒன்றாக வையுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். தலையைத் தாழ்த்துவதும் அப்படியே. அறுவை முடிந்து காலைக் கீழே இறக்கும்போது இரத்தம் காலுக்குப் போய் அழுத்தம் சட்டென்று விழும். ஒரு காலாக, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் சிரிஞ்ச் கையில் இருக்கட்டும், நாடித்துடிப்பும் சேர்ந்து குறைந்தால் எஃபெட்ரின் அல்லது அட்ரோபின். இந்த அழுத்த வீழ்ச்சியைத் தனியாகக் குறியுங்கள், ஊசி போட்டவுடன் வரும் வீழ்ச்சியோடு சேர்த்துவிடாதீர்கள்.

முதன்மை அளவீடு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். என்னைக் கேட்டால், ஊசியிலிருந்து முதல் வலி மருந்து வரையான நேரத்தைவிட, அறுவை முடியும்வரை வேறு எந்த மருந்தும் இல்லாமல் நிம்மதியாக இருந்தாரா என்பதை எடுப்பேன். ஆனால் அது ஆம், இல்லை என்ற பதில் என்பதால் குழு பெரிதாக வேண்டும். புள்ளியியல் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள்.

மகளிர் அறுவை மருத்துவர்

ஒரு வேண்டுகோள். அறுவை செய்கிறவர் யார், எவ்வளவு நேரம் ஆனது, சேர்த்துப் பெல்விக் ஃபுளோர் ரிப்பேர் (இடுப்புத் தளத் தசைச் சீரமைப்பு) செய்தோமா என்று குறியுங்கள். நான் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிப்பதையும் பயிற்சியில் இருப்பவர் இரண்டரை மணி நேரம் எடுப்பதையும் ஒரே பட்டியலில் போட்டால் இரண்டு மருந்துக்கும் அநியாயம். ரிப்பேர் இருந்தால் கடைசி முக்கால் மணி நேரம் முழுக்க எஸ் 2 முதல் எஸ் 4 வரைதான் வேலை. மேலே ஐஸ் வைத்துப் பார்த்து டி 8 என்று எழுதிவிட்டு, கீழே பார்க்காமல் விடாதீர்கள்.

மயக்கவியல் மாணவி

சரி மேடம், சாக்ரல் பரிசோதனையையும் படிவத்தில் சேர்த்துவிட்டேன். மருந்தை வேறொருவர் உறிஞ்சித் தருவார். போடுகிறவருக்கும் ரெகவரியில் குறிக்கிறவருக்கும் எது என்று தெரியாது. திருத்திய திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். சிஸ்டர், சிறுநீர் கழித்த நேரத்தைக் கத்தீட்டர் உள்ளவர்களுக்கு எப்படிக் குறிப்பது?

ரெகவரி வார்டு செவிலியர்

அவர்களுக்கு அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக முழங்கால் மடக்கிய நேரம், கணுக்கால் அசைத்த நேரம், முதலில் உட்காரவைத்தபோது தலை சுற்றியதா என்று மூன்று கட்டம் வையுங்கள். நாங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எப்படியும் பக்கத்தில் போகிறோம், எழுதித் தருகிறோம்.